பதிவேட்டில் உங்கள் தங்கையின் பெயர் இருக்கிறதா?

கேள்வி: என் தங்கைக்கு 23 வயது. பதினாலு வயதிலிருந்து ஃபிட்ஸ் வருகிறது. மதுரையில் ஒரு டாக்டர் வால்ப்ரோயேட் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாலு வருஷம் ஒரு தடவைகூட வரவில்லை. அப்பா இறந்த பிறகு வெளியில் வாங்க முடியாமல் தாலுகா அரசு ஆஸ்பத்திரியில் வாங்க ஆரம்பித்தோம். போன ஆடியில் அந்த மாத்திரை இல்லை என்று கார்பமசெபைன் கொடுத்தார்கள். அதைப் போட்டதிலிருந்து காலையில் கை உதறி டம்ளர், சீப்பு எல்லாம் கீழே விழ ஆரம்பித்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா அதை நிறுத்திவிட்டு மந்திரித்துக் கயிறு கட்டி அழைத்து வந்தார். மூன்று மாதமாக எதுவும் போடுவதில்லை. அதற்குள் இரண்டு முறை பெரிதாக வந்துவிட்டது. இப்போது நல்ல இடத்தில் வரன் வந்திருக்கிறது, தையில் முடிக்கலாம் என்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் மூச்சு விடக்கூடாது என்கிறார் அம்மா. தங்கை நூற்பாலையில் இரவு ஷிப்ட் போகிறாள், அங்கேயும் யாருக்கும் தெரியாது. எங்கள் ஊரைச் சுற்றி இதே மாதிரி நாலைந்து குடும்பங்கள் இருக்கிறோம். சேர்ந்து கேட்டால் மருந்து ஒழுங்காகக் கிடைக்குமா? எங்களைப் போன்றவர்கள் சொன்னால் யார் கேட்பார்கள்? கடைசியாக அம்மா கேட்கச் சொன்னது: தங்கை வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்கலாமா? (பெயர், ஊர் வேண்டாம்.)

பதில்:

தம்பி,

எல்லாவற்றுக்கும் வருகிறேன். முதலில் அவசரமானது. மூன்று மாதமாக மாத்திரை இல்லை, இரண்டு முறை வந்துவிட்டது என்றால் தை வரை காத்திருக்க நேரமில்லை. இந்த வாரமே கூட்டிப் போங்கள். தாலுகா ஆஸ்பத்திரியில் நரம்பியல் மருத்துவர் இருக்க வாய்ப்பில்லை. அங்கிருக்கும் பொது மருத்துவரைப் பார்த்து இப்போதைக்கு மருந்தைத் தொடங்கிக்கொண்டு, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் நரம்பியல் ஓ.பி.க்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பட்டையில் மிச்சமிருக்கும் மாத்திரையை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். எந்த மாத்திரை, எவ்வளவு என்பது இப்போது அவள் கல்யாணத்தோடும் சேர்ந்த கேள்வி. ஏன் என்று கீழே வரும்.

அதற்குள் மறுபடி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே துணியைச் சுருட்டி வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். சாவிக்கொத்து, அரிவாள் எதுவும் கையில் திணிக்க வேண்டாம். பல்லுக்கு நடுவே கரண்டியும் வேண்டாம். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். இரும்பைத் தேடி எடுத்து வருவதற்கும் அதே நேரம்தான் ஆகும், அதனால்தான் அந்தப் பெருமை இரும்புக்குப் போய்ச் சேர்ந்தது. ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன்பே அடுத்தது வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி அந்த டம்ளர். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி அதுதான். பார்க்காமல் நோயின் பெயர் சொல்லக்கூடாது. ஆனாலும் பதினாலு வயதில் தொடக்கம், தூங்கி எழுந்ததும் கை உதறல், வால்ப்ரோயேட்டில் நாலு வருஷம் நிம்மதி, கார்பமசெபைனில் உதறல் கூடியது என்று வரிசையாகப் பார்த்தால் ‘இளம்பருவ மயோக்ளோனிக் வலிப்பு’ என்ற வகையைத்தான் முதலில் சந்தேகிப்பேன். இந்த வகைக்குக் கார்பமசெபைனும் ஃபெனிடாயினும் ஆகாது, உதறலைக் கூட்டிவிடும். மற்ற சில வகை வலிப்புகளுக்கு அதே கார்பமசெபைன் அருமையான மருந்து. ஆக, ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று உங்கள் அம்மா சொன்னது சரியாகவே இருக்கலாம். மகளைக் கவனித்துப் பார்த்திருக்கிறார். அந்த மாத்திரைதான் ஒத்துக்கொள்ளவில்லை, மாத்திரையே வேண்டாம் என்று ஆகிவிடாது. இதை அவரிடம் இப்படியே சொல்லுங்கள், கோபப்பட மாட்டார். கயிற்றை அறுக்கச் சொல்லிச் சண்டை போடவும் வேண்டாம். கயிறு கையில் இருக்கட்டும், மாத்திரை வாய்க்குள் போகட்டும்.

மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்தவரும் கெடுதல் நினைத்துக் கொடுத்திருக்க மாட்டார். ‘ஃபிட்ஸ் மாத்திரை’ எல்லாம் ஒரே இனம் என்ற நினைப்பு நம் ஊரில் ஆஸ்பத்திரிக்கு உள்ளேயும் இருக்கிறது. எழுதிய மாத்திரை இல்லை, வேறு தருகிறோம் என்றால், மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு மறுபடி மருத்துவர் அறைக்குப் போய், “இதைப் போடலாமா?” என்று கேட்க வேண்டும். வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

ஓ.பி.க்குப் போகும்போது கை உதறலைக் கைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே காலையில் நூறு பேருக்கு மேல் பார்த்த நாட்கள் எனக்கு உண்டு. அந்த நெரிசலில் “கை உதறுது சார்” என்றால் நரம்புத் தளர்ச்சி என்று எழுதி வைட்டமின் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பத்து விநாடி வீடியோ இருந்தால் யாரும் அப்படிச் செய்ய முடியாது. இ.இ.ஜி. (மூளையின் மின்னலைகளைப் பதியும் சோதனை) சரியாக இருக்கிறது என்று வந்தாலும் வலிப்பு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அது எடுத்த அரை மணி நேரத்தில் ஒன்றும் அகப்படவில்லை என்றுதான் அர்த்தம்.

இரவு ஷிப்ட் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பெரிய விஷயம். இந்த வகை வலிப்புக்குத் தூக்கம் கெடுவதுதான் முதல் எதிரி. சுற்றுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில், விடிகாலையில், மருந்தில்லாமல் நிற்கிறாள் என்பதை நினைத்தால் எனக்கே பதறுகிறது. மருந்து நிலைப்பட்டு மருத்துவர் சரி என்று சொல்லும்வரை இயந்திரப் பக்கம் வேண்டாம், இரவு வேலை கூடவே கூடாது. நோயின் பெயரைப் போடாமல், ‘மருத்துவக் காரணங்களால் இரவுப் பணி தவிர்க்கப்பட வேண்டும்’ என்று மட்டும் சான்று எழுதித் தரச் சொல்லலாம். நானே பலருக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் பக்கத்தில் வேலை பார்க்கும் ஒரு தோழிக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு வருவோம். நம் கல்யாணம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முதல் நாள் மண்டபத்தில் இரவு ஒரு மணி வரை பேச்சும் போட்டோவும். மூன்று மணிக்கு எழுப்பி அலங்காரம். நாலரை ஆறு முகூர்த்தம். தாலி ஏறும்வரை வெறும் வயிறு. எல்லோரும் கூட இருப்பதால் மாத்திரையை எடுக்கக் கூச்சம். வலிப்பை வரவழைக்கத் திட்டம் போட்டால்கூட இவ்வளவு சரியாகப் போட முடியாது. மறைத்து முடித்த கல்யாணங்களில் முதல் வாரத்திலேயே வலிப்பு வந்து, பெண்ணைத் திருப்பி அனுப்பி, அந்தக் குடும்பங்கள் அப்படியே என் ஓ.பி.யில் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தாள். மாமியார் அடுக்களையில் இருக்கும் நாளெல்லாம் மாத்திரை கிடையாது. அவளுக்கு வந்த வலிப்புகள் நோயால் வந்தவையா, மறைத்ததால் வந்தவையா? எனக்குச் சந்தேகமே இல்லை.

அதனால் பதில்: சொல்லிவிட வேண்டும். நிச்சயத்துக்கு முன்பே, அதுவும் மாப்பிள்ளையிடம் நேரடியாக. தரகர் வழியாக வேண்டாம், தரகர் கையில் ஃபிட்ஸ் பைத்தியமாகிவிடும். முதலில் தங்கையிடம் கேளுங்கள், யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் கடிதம் முழுக்க அவளைப் பற்றியது, ஆனால் அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. மாப்பிள்ளைக்குச் சந்தேகம் இருந்தால் ஓ.பி.க்கு அவரையும் கூட்டி வாருங்கள். மருத்துவர் வாயால் கேட்டுவிட்டுச் சரி என்று சொன்ன பையன்களும் உண்டு. சொன்னதால் இந்த வரன் போய்விடலாம், அதை நான் மறைக்கவில்லை.

சட்டம் தெரிந்திருப்பது நல்லது. 1955-இல் வந்த இந்துத் திருமணச் சட்டத்தில், 1976-இல் செய்த ஒரு திருத்தம் வலிப்பையும் மனநோயோடு சேர்த்துக் கல்யாணத்துக்குத் தடையாக எழுதி வைத்தது. சிறப்புத் திருமணச் சட்டத்திலும் அதே கதை. 1970-இல் தொடங்கப்பட்ட இந்திய வலிப்பு நோய்ச் சங்கம், மருத்துவர்களும் குடும்பங்களும் சேர்ந்த அமைப்பு, இதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் விடாமல் கேட்டது. 1999-இல் திருத்தச் சட்டம் வந்து அந்த ஒரு சொல்லை எடுத்தார்கள். இப்போது வலிப்பு இருப்பது திருமணத்துக்குத் தடையில்லை. ஆனால் முக்கியமான விஷயத்தை மறைத்துச் சம்மதம் வாங்கினார்கள் என்று சொல்லித் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கும் வழி சட்டத்தில் இன்னும் இருக்கிறது. வலிப்பு பிரிக்க முடியாத கல்யாணத்தை மறைப்பு பிரித்துவிடக்கூடும் என்று அம்மாவுக்கு விளக்குங்கள்.

வால்ப்ரோயேட்டை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம் என்றேனே, அதற்குக் காரணம் குழந்தை. கர்ப்ப காலத்தில் வால்ப்ரோயேட் சாப்பிட்டால் சுமார் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரலாம், பொதுவாக அது நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்குப் படிப்பு, பேச்சு போன்ற வளர்ச்சியில் பின்னடைவும் வருகிறது. அவள் நோய்க்கு நன்றாகக் கேட்கும் மருந்தே கருவுக்கு ஆகாத மருந்தாக இருப்பது இந்த வகையின் கொடுமை. லெவெடிராசெட்டம், லமோட்ரிஜின் என்று வேறு வழிகள் உண்டு. லமோட்ரிஜின் சிலருக்கு உதறலைக் கூட்டும், அதோடு வாரக் கணக்கில் மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே இதைப் பேசி முடிவெடுப்பது நல்லது. “கல்யாணம் பேசுகிறோம்” என்று மருத்துவரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர் கேட்க மறக்கலாம். ஃபோலிக் அமில மாத்திரையும் கேட்டு வாங்குங்கள். வலிப்புள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு நல்ல ஆரோக்கியமான குழந்தையே பிறக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் 1998 முதல் இப்படிப்பட்ட தாய்மார்களைப் பதிவு செய்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அந்த மாதிரிப் பதிவுகள் இருப்பதால்தான் எது பாதுகாப்பு, எது ஆபத்து என்று என்னால் இவ்வளவு துணிந்து எழுத முடிகிறது.

பதிவு என்ற சொல் வந்ததால் உங்கள் கடைசிப் பெரிய கேள்விக்குப் போகலாம். உங்களைப் போன்றவர்கள் சொன்னால் யார் கேட்பார்கள்?

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு. அவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் நம்மைப் போன்ற நாடுகளிலும் நம்மைவிட ஏழை நாடுகளிலும் இருக்கிறார்கள். சரியான மருந்து கிடைத்தால் நூற்றுக்கு 70 பேர்வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏழை நாடுகளில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த மருந்து போய்ச் சேருவதில்லை. இத்தனைக்கும் இது புது மருந்தோ விலையுயர்ந்த மருந்தோ அல்ல. ஃபெனோபார்பிட்டோன் 1912-லிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. கர்நாடகத்தில் யெலந்தூர்ப் பகுதியில் டாக்டர் கே. எஸ். மணியும் அவர் குழுவும் கிராமங்களுக்கே போய், அந்தப் பழைய ஃபெனோபார்பிட்டோனையும் ஃபெனிடாயினையும் வைத்து வைத்தியம் பார்த்து, முடிவை 2001-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரி இல்லாமலே, விலை குறைந்த மாத்திரையை விடாமல் கொடுத்தால் கிராமத்திலும் வலிப்பை அடக்க முடியும் என்று அது காட்டியது. அறிவு எப்போதோ வந்துவிட்டது. அறுந்து போவது உங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில், ஆடி மாதம், மருந்து வாங்கும் ஜன்னலில்.

ஏன் அறுகிறது? என் அனுபவத்தில் பாதிக் காரணம் வெறும் கணக்கு. தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு 1994-இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம் வழியாக மருந்து வருகிறது. மற்ற மாநிலங்கள் பார்த்து எடுத்துக்கொண்ட நல்ல ஏற்பாடு அது. ஆனால் ஓர் ஆஸ்பத்திரி எவ்வளவு கேட்கும்? போன வருஷம் செலவானதைப் பார்த்துத்தான் கேட்கும். இப்போது உங்கள் ஊர்க் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். ஒருவர் தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்று பக்கத்து ஊர் மெடிக்கலில் வாங்குகிறார். ஒருவர் நிறுத்தியே விட்டார். இன்னொருவர் ஓ.பி. சீட்டில் ‘தலைவலி’ என்று எழுதச் சொல்கிறார் (சிரிக்க வேண்டாம், நிறையப் பேர் என்னிடமே கேட்டிருக்கிறார்கள்). ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் பார்த்தால் உங்கள் வட்டாரத்தில் வலிப்பு நோயாளியே கிடையாது. இல்லாத நோயாளிக்கு யார் மருந்து கேட்பார்கள்? தங்கை வீட்டில் மறைக்கப்படுவதும் மாத்திரை ஆஸ்பத்திரியில் தீர்ந்து போவதும் இரண்டு பிரச்சினைகள் போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

ஆகவே முதல் வேலை ஊர்வலமோ பேனரோ இல்லை. ஐந்து குடும்பமும் ஒரே நாளில் போய்ப் பெயர், மாத்திரை, எத்தனை மில்லிகிராம், மாதத்துக்கு எத்தனை என்று எழுதிய ஒரு தாளை மருத்துவ அலுவலரிடம் கொடுங்கள். “இந்த ஐந்து பேருக்கும் தவறாமல் வேண்டும் சார், இன்டென்ட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லுங்கள் (இன்டென்ட் என்பது ஆஸ்பத்திரி மருந்து கேட்டு எழுதும் பட்டியல்). ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் இப்படி ஒரு தாள் கிடைத்தால் சந்தோஷப்படுவார்கள், அவர்களும் மேலே காட்டிக் கேட்கலாம் அல்லவா? இதோடு வேலை முடிந்துவிடவும் கூடும்.

முடியாவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் அதே தாளோடு மனு கொடுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய்க் கட்டணத்தில், கடந்த பன்னிரண்டு மாதத்தில் வால்ப்ரோயேட், லெவெடிராசெட்டம் மாத்திரைகள் எந்தெந்த மாதம் எவ்வளவு இருப்பு இருந்தன என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் இல்லை’ என்று கேட்காதீர்கள். அதற்கு நீளமாக ஒரு விளக்கம் வரும், இருப்புக் கணக்குக்கு அப்படி விளக்கம் எழுத முடியாது. ஜனவரி 26-ஆம் தேதி கிராம சபை இருக்கிறது. அதில் ஒரு தீர்மானம் கேட்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதை உங்கள் ஊருக்குக் கொண்டுவரும் பணியாளர் அம்மாவிடம் வலிப்பு மாத்திரையையும் சேர்த்துக் கொண்டுவர முடியுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். ஒருநாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி, ஒரு மாத மாத்திரைக்கு வருகிறவர்களை நான் முப்பது வருஷம் பார்த்தேன். அவர்கள் மாத்திரையை விட்டார்கள் என்று சீட்டில் ‘ஒழுங்காக மருந்து எடுக்கவில்லை’ என்று எழுதியதும் நான்தான்.

மனுவில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் முடிவெடுக்கும் சபையான உலக சுகாதாரப் பேரவை, வலிப்புக்கும் மற்ற நரம்பியல் நோய்களுக்கும் சேர்த்து 2031 வரை ஒரு செயல்திட்டத்தை ஏற்றுக்கொண்டது. அதில் வலிப்புக்கு வைத்த இலக்கு 90-80-70. நோயாளிகளில் 90 சதவீதம் பேருக்கு இது சிகிச்சையால் கட்டுப்படுத்தக்கூடிய மூளை நோய் என்று தெரிந்திருக்க வேண்டும், 80 சதவீதம் பேருக்குக் கட்டுப்படியாகும் மருந்து கிடைக்க வேண்டும், மருந்து எடுப்பவர்களில் 70 சதவீதம் பேருக்கு வலிப்பு அடங்க வேண்டும். இந்தியாவும் அந்தப் பேரவையின் உறுப்பினர். தாலுகா ஆஸ்பத்திரிக்கு அந்த நிறுவனம் இருக்கும் ஜெனீவாவைக் காட்டுவது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் மனுவைப் படிக்கும் அதிகாரி அடுத்த வரியையும் படிப்பார். மாற்றுத் திறனாளி அட்டை கிடைக்குமா என்று மற்ற குடும்பங்கள் கேட்பார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் பார்க்கின்சன் நோய் பெயரோடு இருக்கிறது, வலிப்பு பெயரோடு இல்லை. திருமணச் சட்டத்தில் ஒரு சொல்லை எடுக்க அத்தனை வருஷம் ஆனது போல, இங்கே ஒரு சொல்லைச் சேர்க்கவும் யாராவது விடாமல் கேட்க வேண்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமைக் குளியல். அம்மா கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. தலையில் சுடுதண்ணீர் ஊற்றினால் வரும் வலிப்பு என்று உண்மையிலேயே ஒன்று உண்டு. கர்நாடகத்திலும் அதை ஒட்டிய நம் பகுதிகளிலும் உலகின் மற்ற இடங்களைவிட அதிகம் காணப்படுகிறது, அதை 1968-இல் எழுதிப் பதிவு செய்தவர்களில் மேலே சொன்ன அதே டாக்டர் மணியும் ஒருவர். உங்கள் தங்கைக்குக் குளிக்கும்போது வந்ததாக நீங்கள் எழுதவில்லை, அதனால் தாராளமாகக் குளிக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். கிணறு, கண்மாய் வேண்டாம், வாளியும் செம்பும்தான். கதவைச் சாத்திக்கொள்ளட்டும், தாழ்ப்பாள் போட வேண்டாம். அம்மா வெளியே உட்கார்ந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருக்கட்டும்.